சந்தனம் பட்ட லேப்டாப்

"தொடுற லேப்டாப்பா? ஏட்டி, நீதான் உன் சாமான் எதையும் ஒருத்தரையும் தொட விடமாட்டியே. உனக்கு எதுக்கு அது?"

சித்தி இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தங்கை அவள். அம்மா வேலை பார்க்கும் அதே நூல் மில்லில் வேறு ஷிப்டு. சித்தி எதைச் சொன்னாலும் அம்மா முதலில் சிரிப்பாள், பிறகுதான் கண்டிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அவ வேலைக்கு வேணும்னு கேக்கா. நீ வாய மூடிக்கிட்டுப் பூண்ட உரி."

நான் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேருந்தில் வந்தது, வகுப்புக்கு வந்தது. சித்தி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். தினமும் காலையில் பேருந்தில் போய், சாயங்காலம் திரும்பி வந்து, முகம் கழுவியதும் ஒரு மணி நேரம் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் எட்டுப் பேர். பள்ளி முடிந்ததும் வேனில் ஏறிவிட வேண்டியவர்கள் என்பதால் அவர்களால் டியூஷனுக்கு நிற்க முடியாது. அவர்களுக்காக லேப்டாப் திரையில் வெள்ளைப் பலகை ஒன்றைத் திறந்து, மவுசைப் பிடித்து எழுதிக் காட்டுவேன். மணலில் நண்டு ஓடின மாதிரி இருக்கும் என் எழுத்து. வர்க்கமூலக் குறி போட்டால், "மிஸ், அது டிக் மார்க்கா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்பாள். கரும்பலகையில் அச்சு மாதிரி எழுதுகிறவள் நான். அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சரிடம் தொடுதிரை லேப்டாப் இருக்கிறது. திரையைப் பின்பக்கமாக முழுக்க மடித்து, ஒரு புத்தகம் போலக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பார். பெற்றோர் கூட்டத்தன்று அவர் அதை மடிப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். அதை வாங்கலாமா என்று ஒரு நாள் ஆசிரியர் அறையில் கேட்டேன்.

"உண்மையச் சொல்லவா? இதைத் தொட்டு நான் பண்றது ரெண்டே வேலைதான். போட்டோவப் பெருசு பண்ணிப் பாப்பேன். பொறவு கைரேகையத் தொடைப்பேன்" என்றார். "நிமிந்து நிக்கிற திரையில அஞ்சு நிமிஷம் எழுதுனா தோள்பட்டை விட்டுப்போகும். மடிச்சு வச்சு எழுதலாம், ஆனா அந்த மாடல் விலை கூட. உனக்கு எழுதத்தான வேணும்? சாதா லேப்டாப் ஒண்ணு வாங்கிக்கோ. எழுதுற பேட்னு தனியா விக்குது. சிலேட்டு மாதிரி மேசையில வச்சு எழுதுனா திரையில வரும். அம்புட்டுதான்."

கணக்கு டீச்சருக்கு இது விளங்காதா? விளங்கியது. ஆனால் நான் அவரிடம் கேட்கப் போனது வாங்கு என்ற சொல்லைத்தான். அது கிடைக்காததால், வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எழுதணும்னா தொடுற லேப்டாப்தான் வேணுமாம்மா, டீச்சர் சொன்னாங்க" என்று சொன்னேன். அம்மா உடனே, "அப்ப அதையே வாங்கு" என்றாள். பக்கத்தில் இருந்த சித்திதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் எதையும் யாரையும் தொட விடாதவள் ஆன கதை என் பழைய லேப்டாப்போடு தொடங்குகிறது.

அது பிளஸ் டூவில் இலவசமாகக் கிடைத்தது. அந்தக் கதை நடந்தபோது நான் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். லாரி ஓட்டும் அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பேன். அதில் இருப்பது என் பெயர் மட்டும்தான் என்பது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை அன்று மில்லில் பூஜை முடித்து, பொரிப் பையோடு அம்மா மதியமே வந்துவிட்டாள். மில்லில் ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அம்மா வேலை பார்க்கும் மிஷினுக்கு வருடா வருடம் அவள் கையால்தான் வைப்பாள். அதே கையோடு வீட்டிலும் அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் புத்தகங்கள், எல்லாவற்றையும் ஒரு பலகையில் அடுக்கிப் பொட்டு வைத்திருக்கிறாள். தோழி வீட்டுக்கு நோட்டு வாங்கப் போயிருந்த நான் திரும்பி வந்தபோது லேப்டாப் திறந்து இருந்தது. அம்புக்குறியை நகர்த்த விரலால் தடவும் சதுரம் இருக்கிறதே, அதன் மேல் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"மூடியில வைக்கலாம்னுதான் பாத்தேன். அது முதுகு மாதிரி இருந்துச்சு. தொறந்தா, இது நெத்தி மாதிரி வெறுமையா இருந்துச்சா, அதான் இங்க வச்சேன்" என்றாள் அம்மா. முகமெல்லாம் சந்தோஷம்.

ஈரத் துணியை எடுத்து வந்து அழுத்தி அழுத்தித் துடைத்தேன். துணி எங்கே பட்டது, எந்தப் பொத்தான் அமுங்கியது என்று பார்க்கவில்லை. துடைத்துவிட்டு விரலை வைத்தால் அம்புக்குறி நகரவில்லை. விடுமுறை முடிந்து போனதும் வகுப்பில் நான் செமினார் எடுக்க வேண்டும். பொரி வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார், அவர் மாமியார் இருக்கிறார், சித்தி இருக்கிறாள். எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"படிக்காத கையி பட்டா இப்படித்தான் ஆகும். இனிமே இதத் தொடாத!"

அம்மா சந்தனம் காயாத கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். சித்திதான், "பூச நாளும் அதுவுமா என்ன பேச்சுட்டி பேசுத?" என்று சத்தம் போட்டாள்.

இதோடு முடிந்திருந்தால், பதினெட்டு வயதுப் பெண்ணின் திமிர் என்று என்னை நானே மன்னித்திருப்பேன். முடியவில்லை.

விடுமுறைக்குப் பின் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் இருந்த அக்காவிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். அவர் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினார். அம்புக்குறி ஓடியது.

"கெட்டெல்லாம் போகலம்மா. நீயே ஆஃப் பண்ணிருக்க. தொடைக்கும்போது இது ரெண்டும் அமுங்கிருக்கும்" என்றார்.

சந்தனம் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவின் கை ஒன்றும் செய்யவில்லை. செய்தது என் துணி, என் ஆத்திரம், என் படித்த கை.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கினேன். செத்த நேரத்தில் அம்மா ஷிப்டு முடிந்து வந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். மவுசு. மில்லிலிருந்து நேராகக் கடைக்கு நடந்து போயிருக்கிறாள்.

"கடைக்காரர்ட்ட விவரம் சொன்னேன். அது கெட்டாலும் இது ஓடுமாம்ல. நீ பாடம் எடுக்கணும்னியே" என்று, என் கையில் தராமல் மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். நான், "சரி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் வெட்கப்பட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு பொய்யைச் சொல்லாமலே காப்பாற்றுவது எப்படி என்று அதன் பிறகு கற்றுக்கொண்டேன். கல்லூரியில் விரலால் தடவி வேலை பார்ப்பேன். வீட்டில், அம்மா பார்க்கும்போது, மவுசு. அது தேய்ந்ததும் நானே இன்னொன்று வாங்கினேன். கல்லூரி முடித்து, பி.எட். முடித்து, வேலைக்கும் வந்தாயிற்று. இன்றைக்கும் வீட்டில் மவுசுதான். டிக் மார்க்கா என்று அந்தப் பிள்ளை கேட்கும் எழுத்தை எழுதுவதும் அதே பழக்கம்தான்.

அம்மா அதன் பிறகு அந்த லேப்டாப்பைத் தொடவே இல்லை. அறை பெருக்கும்போது சுற்றிப் பெருக்குவாள். ஒரு நாள் மழையில் ஓட்டிடுக்கு வழியாகத் தண்ணீர் சரியாக அந்த மேசைக்கு மேலே சொட்டியிருக்கிறது. நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், லேப்டாப்புக்கு மேலே குண்டாவைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிறாள். எடுத்து நகர்த்தி வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. "நீ வந்து எடுப்பன்னு நின்னேன்" என்றாள். அறுந்த நூலை, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கண் இமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடும் கை அவளுடையது. மில்லில் புதிதாக வரும் பெண்களை, அந்தக் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள, பக்கத்தில் நிறுத்துவார்கள் என்று சித்தி சொல்லுவாள். அந்தக் கைதான் லேப்டாப்பைத் தொடாமல் குண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

சித்தி கேட்டதற்கு அடுத்த வாரம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி எடுத்துக் காட்டினாள். தொடுதிரையை நிமிர்த்தி வைத்து என்னை எழுதிப் பார்க்கச் சொன்னாள். விரலால் எழுதினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் திரை பின்னால் போய்ப் போய் வந்தது. பிறகு மடித்து மேசையில் படுக்க வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். வர்க்கமூலக் குறி போட்டேன். அச்சு மாதிரி விழுந்தது. மனசு துள்ளியது. கையில் தூக்கிப் பார்த்தேன். தினமும் பேருந்தில் தோளில் சுமக்க வேண்டிய கனத்தை நினைத்துக்கொண்டேன். விலைச் சீட்டைப் பார்த்ததும் அதைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

அந்தப் பெண் அம்மாவிடம் திரும்பினாள். "நீங்களும் தொட்டுப் பாருங்கம்மா. போன் மாதிரிதான்."

அம்மா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனாள். "வேண்டாம் தாயி. என் கை இதுக்கு ஆகாது."

போனில் அம்மா தடுமாறுகிறவள் அல்ல. படத்தைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடித்து, சித்திக்கு ஒரு நாளைக்குப் பத்துக் குரல் பதிவு அனுப்புவாள். தொடத் தெரியாமல் பின்வாங்கவில்லை அவள்.

"ஏன் தாயி, இதுல சந்தனம் கிந்தனம் பட்டா கெட்டுப் போகுமா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "பூசைக்கு நாங்களே எல்லாத்துக்கும் வைப்போம்மா. ஈரத் துணியால தொடைச்சா போயிரும். ஒண்ணும் ஆகாது."

"இல்ல, பழசு ஒண்ணு என் கையால கெட்டுப்போச்சு. அதான் கேட்டேன்."

அப்போது அம்மா என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. என் மகளுக்கும் தெரியும், கேட்டுப் பார் என்பது போன்ற பார்வை. நான் விலைச் சீட்டையே படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதையே வாங்குவோம். கொண்டுபோய் அம்மா கையில் கொடுப்போம். தொடு என்று சொல்வோம். எல்லாம் சரியாகிவிடும். அவளுக்காக வாங்கினேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். யோசிக்க யோசிக்க அது எவ்வளவு சாமர்த்தியமான ஏமாற்று என்று புரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க இருப்பதிலேயே விலை கூடிய வழி அதுதான்.

"யோசிச்சுட்டு வாரோம்" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குழம்பைச் சூடு பண்ணப் போனாள். நான் பழைய லேப்டாப்பை எடுத்து வந்து சமையலறைத் தரையில் வைத்தேன். மவுசை எடுக்கவில்லை.

"அம்மா, அடுப்பக் கொஞ்சம் அணைச்சுட்டு வா. ஒண்ணு காட்டணும்."

வந்து, தள்ளி உட்கார்ந்தாள். நான் விரலால் தடவினேன். அம்புக்குறி ஓடியது. அம்மா புருவத்தைச் சுருக்கினாள். இரண்டு பொத்தானை அமுக்கினேன். நின்றது. மறுபடி அமுக்கினேன். ஓடியது. மூன்று தடவை செய்தேன். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை; இருபது வருடமாக மிஷினோடு இருக்கிறவள்.

"ஸ்டாப் பட்டனா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு இத அமுக்கினது யாரு?"

"நான்தான். தொடைக்கும்போது."

"அது எப்பத் தெரியும் உனக்கு?"

"நீ மவுசு வாங்கிட்டு வந்தேல்ல, அன்னைக்குக் காலையில."

அம்மா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்க மில்லுக்குப் புதுசா வார பிள்ளைகளுக்கு மொதல்ல இதத்தான் சொல்லுவோம். மிஷின் நின்னா கத்தாத. ரிப்பேர் பாக்குற பிட்டரக் கூப்பிடாத. உன் முழங்கை, இடுப்பு பட்டு செவப்புப் பட்டன் அமுங்கிருக்கான்னு பாரு. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட ரெண்டாம் நாளே கத்துக்கிடும்."

"தப்புதான்மா" என்றேன். மன்னித்துவிடு என்பது எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத சொல். எனக்கு வாயில் வரவில்லை.

"தப்புதான்" என்றாள் அவளும். எழுந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "அன்னைக்கே சொல்லிருந்தா அந்த மவுசத் திருப்பிக் குடுத்திருப்பேன்ல. பில்லு கையிலதான இருந்துச்சு" என்றாள்.

அழுகை வந்தது. அவள் கண்ணில் படாமல் துடைத்துக்கொண்டேன். அழுது அவளைச் சமாதானப்படுத்த வைக்கும் உரிமைகூட எனக்கு இல்லை என்று தோன்றியது.

சாப்பிட்ட பின் அம்மா போனை எடுத்து வாசலுக்குப் போனாள். சித்திக்குக் குரல் பதிவு அனுப்பும் சத்தம் கேட்டது. "ஏட்டி, அந்த லேப்டாப்ப நான் கெடுக்கலயாம். அவளே ஸ்டாப்ப அமுக்கிட்டு என்னையக் கத்தியிருக்கா. இப்பதான் சொல்லுதா." கோபமாகத்தான் தொடங்கினாள். ஆனால் "நான் கெடுக்கலயாம்" என்பதை இரண்டாவது தடவை சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருடமும் அதை அவள் நம்பி, சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

சித்தியின் பதிலை எனக்குக் கேட்கும்படி சத்தமாக வைத்தாள். "அதான பாத்தேன்! அவ்வளவு பேரு முன்னாடி கத்துனாள்ல. அவ்வளவு பேரு முன்னாடியும் சொல்லச் சொல்லு உங்க டீச்சரம்மாவ."

அம்மா, "சும்மா கெட" என்று போனிடம் சொன்னாள். என்னிடம் அன்று முழுவதும் தேவைக்கு மேல் பேசவில்லை. லேப்டாப் சமையலறைத் தரையில் திறந்தே கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள், வந்தாள். தொடவில்லை. நானாகத்தான் எடுத்து வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கா? பொரி வாங்க வந்தது ஞாபகம் இருக்கு. நீ கத்துனது ஞாபகமே இல்லையேம்மா" என்றார். பிறகு, "உங்கம்மாவுக்கு இருக்குமோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாமியார் கட்டிலில் இருந்தபடியே, "எனக்கு இருக்கு" என்றார். அவரிடமும் முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இப்பவாது வந்தியே" என்றார். அவ்வளவுதான்.

தொடுதிரை வேண்டாம், சாதாரண லேப்டாப்பும் எழுதும் பேடும் போதும் என்று கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். டீச்சர் சொன்னதும் இதைத்தான் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். "அதுலயும் பொய்யா?" என்றாள். சனிக்கிழமை அவளுக்குக் காலை ஷிப்டு. மதியம் என்னோடு கடைக்கு வருவாளா என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றாள். சந்தன வில்லையும் குங்குமச் சிமிழும் என் கைப்பையில் இருக்கின்றன.

சனிக்கிழமைக்கு அரை நாள் விடுப்பு கேட்டு இன்று காலை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வழக்கம் போல 'சொந்த வேலை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'அம்மாவுடன் கடைக்குச் செல்ல' என்று எழுதி, தலைமையாசிரியையின் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.